மே மாதத்து வரித்தலை வாத்து

கரைவெட்டி ஏரியில் வெடித்த சேறுதான் மிச்சம். கோடைப் பறவைகளைப் பதிவு செய்யச் சென்னையிலிருந்து வந்த எனக்குக் காலையிலிருந்து கொக்கும் மைனாவும்தான் கிடைத்திருக்கின்றன. ஏரிக்குக் கீழே, அறுவடை முடிந்து மோட்டார் தண்ணீர் தேங்கிய வயலில், மேய்ச்சல் வாத்துகள் சேற்றைக் கிளறுகின்றன. நடுவே ஒன்றுக்கு மட்டும் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். தொலைநோக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். வரித்தலை வாத்துதான். குளிருக்கு இமயமலை தாண்டி வருவது. வெயில் ஏறும் முன்பே திரும்பியிருக்க வேண்டும்.

வாத்து மேய்க்கும் அம்மாவிடம் கேட்கிறேன்.

“மார்கழில மீன் வலையில மாட்டி ரெக்கை கிழிஞ்சு கெடந்துச்சு சார். மஞ்சப் பத்து போட்டு வுட்டேன். இப்ப நல்லாப் பறக்குது, ஆனா போவ மாட்டேங்குது. அடுத்த வாரம் ஏலாக்குறிச்சிப் பக்கம் மேய்ச்சலுக்குப் போறோம். அதுவும் எங்ககூட வந்துரும்.”

போனில் பறவைப் பதிவுச் செயலியைத் திறந்து பெயரைப் போட்டதும், காட்டுப் பறவையா, வளர்ப்புப் பறவையா என்று கேட்கிறது. விரல் இரண்டுக்கும் நடுவிலேயே நிற்கிறது.

அவர் எட்டிப் பார்க்கிறார். “இதுல போட்டீங்கன்னா பாரஸ்ட் ஆபீஸ்காரங்க வந்து புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?”

“தெரியலீங்கம்மா.”

வெயில் சாய்ந்ததும் அவர் வலைப் பட்டியைத் திறந்து குரல் கொடுக்கிறார். வாத்துகள் வரிசையாக உள்ளே நடக்கின்றன. வரித்தலை மட்டும் எழும்பி, என் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, வடக்கே போகிறது. அவசரமாகக் ‘காட்டுப் பறவை’ என்பதைத் தொடுகிறேன்.

நிமிர்ந்தால், அது பட்டிக்குள் இறங்கி மற்ற வாத்துகளோடு தவிட்டைத் தின்கிறது. பட்டிக்கு மேல்பக்கம் வலை இல்லை. ‘அனுப்பு’ என்ற பொத்தானை நான் இன்னும் தொடவில்லை.