பத்திரமா இருக்கு

கரும்பலகையில் தரகனை வரைந்து முடித்து, ஓரடி பின்னால் நகர்ந்து பார்க்கிறார் டீச்சர். இந்த வாரமும் படம் அவர் கணவரைப் போலவே வந்திருக்கிறது. மீசையை அழிக்கிறார். இப்போது மீசை எடுத்த கணவர். தொலையட்டும் என்று சாக்பீசை வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

"ஜாக்கிரதை! இவன் பார்க்க ரொம்ப நல்லவனா இருப்பான்."

"ஆமா டீச்சர், உங்க வீட்டுக்காரர் மாதிரியே," என்கிறது பின்வரிசை.

தையல் ஆலையிலிருந்து நேராக வருகிற பெண்கள். தலையெல்லாம் நூல் பிசிறு. வெளிநாட்டில் வீட்டு வேலை என்று அழைத்துப்போய் ஆளையே விற்றுவிடுகிறவர்களிடம் சிக்காமலிருப்பது எப்படி என்று, தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கூடத்தில், மடக்கு நாற்காலிகள் கிறீச்சிட, வாராவாரம் பாடம் நடக்கிறது. இதற்காகவே மிஷன் அவரைக் கடல் கடந்து கூட்டி வந்தது. 'ஜாக்கிரதை டீச்சர்' என்பது பிள்ளைகள் ரகசியமாக வைத்த பெயர். அவருக்கு அது பிடித்துப்போய், போனில்கூட அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார்.

வந்த புதிதில் வகுப்புக்கு ஆளே இல்லை. ஆலை வாசலில் பிஸ்கட் பாக்கெட்டோடு நின்று, தனியாக வருகிற பெண்களாகப் பார்த்து, "பேர் என்னம்மா? தனியா இருக்கியா? சாயங்காலம் எங்ககூட வாயேன், டீ தர்றோம்," என்று தேன் ஒழுகப் பேசினார். ஆலைக் காவலாளி, "ஆள்பிடிக்கிற கும்பல்!" என்று கம்பை எடுத்துக்கொண்டு துரத்தினார். இன்றுவரை தன் பாடத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது டீச்சரின் கருத்து.

கணவர் மிஷன் வண்டிக்கு டிரைவர். வகுப்புக்கு டீ போடுவதும் அவரே. பாத்திரம் கழுவும்போது மனைவியைச் சீண்டாவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

"பொண்ணு பாக்க வந்தப்ப நான் என்ன சொன்னேன்? வெளிநாட்டு மிஷன்ல ரெண்டு பேருக்கும் வேலை, தங்க இடம், சாப்பாடு, எல்லாம் நான் பாத்துக்கறேன், அடுத்த மாசமே கிளம்பணும். உன் பாடத்துல இதுக்கு என்ன பேரு?"

"மாட்டிக்கிட்டதுன்னு பேரு. டம்ளரை நல்லாத் தேய்ங்க."

வகுப்பிலே 'நூல்கண்டு' என்று ஒருத்தி. முடி அப்படி. ஒரு புதன்கிழமை எழுந்து நின்று, "நீங்க இந்த நாட்டுக்கு எப்படி டீச்சர் வந்தீங்க?" என்றாள்.

"எனக்கு அழைப்பு வந்துச்சும்மா," என்றார் டீச்சர், தேவ ஊழியம் செய்கிறவர்களுக்கே உரிய கனிவோடு.

"எனக்கும் வந்துருக்கு டீச்சர். வாட்ஸ்அப்ல."

கூடம் குலுங்கியது. டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் விசாரித்தார். வீட்டு வேலையாம். எந்த வீடு, எந்த ஊர், அங்கே போனால் தெரியுமாம். சனிக்கிழமை காலை ஆலை விடுதி வாசலுக்கே வண்டி வருமாம். பலகையில் இத்தனை நாள் எழுதியதெல்லாம் எழுந்து வந்து டீச்சருக்கு எதிரே நிற்கிற மாதிரி இருந்தது.

"பாஸ்போர்ட் எங்க?"

"ஏஜென்ட் அண்ணன்கிட்ட. பத்திரமா இருக்கு."

"ஜாக்கிரதை! அதை மொதல்ல கேட்டு வாங்கு. தர மாட்டேன்னா அவன்கூடப் போகாத. தன் பாஸ்போர்ட்டை எவனாவது அடுத்தவன்கிட்ட குடுத்து வெப்பானா?"

"உங்களோடது எங்க டீச்சர்?"

"மிஷன் ஆபீஸ்ல, ஐயாகிட்ட." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "பத்திரமா இருக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சருக்கு உறைத்தது.

"நீங்க கேட்டு வாங்கிட்டு வாங்க," என்று உட்கார்ந்தாள் நூல்கண்டு. "நானும் கேக்கறேன்."

மறுநாள் மிஷன் அலுவலகம். தலைவரை எல்லோரும் ஐயா என்பார்கள். எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். ஊழியர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் தொலையாது என்பது அவருடைய அன்பு.

"பாஸ்போர்ட்டா? ஏன் சிஸ்டர், எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

வாராவாரம் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, 'இதைச் சொன்னால் ஓடு' என்று அடிக்கோடு போடும் அதே வாக்கியம். டீச்சர் ஓடவில்லை. "ஐயோ, நம்பிக்கை இல்லாமலா ஐயா!" என்று பதறிவிட்டார்.

"ஜெபிப்போம்," என்று ஐயா கண்ணை மூடினார். உருக்கமான ஜெபம். டீச்சர் நெகிழ்ந்து, ஆமென் சொல்லி, ஸ்தோத்திரம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தார்.

"வாங்கிட்டியா?" என்றார் கணவர்.

"ஜெபம் வாங்கிட்டு வந்தேன்."

கணவர் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். சீண்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். டீச்சர் விறுவிறுவென்று திரும்பிப் போனார். இந்தத் தடவை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா, ஆமென் சொல்லிட்டேன். இப்ப குடுங்க."

பீரோ திறந்தது. பாஸ்போர்ட் பூச்சி அரிக்காமல், மூலை மடங்காமல், புத்தம்புதுசாக இருந்தது. போன வருஷமே காலாவதியாகியும் இருந்தது. ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அப்போது ஜெபம் வரவில்லை.

சனிக்கிழமை காலை, விடுதி வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே ஏற்கெனவே சில பெண்கள். ஏஜென்ட் அண்ணனைப் பார்த்ததும் டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீசை இல்லை, வேறு எந்த அடையாளமும் இல்லை. யார் வீட்டிலும் சாப்பிட உட்காரவைக்கிற முகம். பெட்டியோடு நின்ற நூல்கண்டிடம் டீச்சர் தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்தாள்.

"காலாவதி ஆயிடுச்சே டீச்சர்."

"ஆமா. பத்திரமா இருந்தே ஆயிடுச்சு."

அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள். கையை நீட்டினாள்.

"அண்ணே, என் பாஸ்போர்ட்."

"வண்டில ஏறும்மா. போய்ப் பாத்துக்கலாம்."

"இப்பவே குடுங்க."

"என்னம்மா இது, அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று டீச்சரின் பாடத்தில் இல்லை, அவருக்கே தெரிந்தால்தானே.

"இல்லண்ணே," என்றாள் நூல்கண்டு.

அவ்வளவுதான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. விடுதிப் பெண்கள் பேஸ்ட் நுரை வாயோடு வாசலுக்கு வந்து சூழ்ந்தார்கள். ஏஜென்ட் சிரித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டு ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒன்றை உருவி அவள் கையில் அடித்த மாதிரி வைத்தார்.

அப்போது வேன் ஜன்னல் வழியாக உள்ளேயிருந்து இன்னொரு கை வெளியே நீண்டது. பின்னாலேயே இன்னொன்று.

டீச்சர், 'ஜாக்கிரதை' என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இரண்டெட்டில் வேனை அடைந்து, கைப்பிடியைப் பற்றி, கதவைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.