மேசைக்கு வந்தவர்கள்

கண்டக்டரக்காவின் பஸ்ஸில் யாரும் படியில் தொங்கிவிட முடியாது. "உள்ளே போங்க, நடுவுல மைதானம் மாதிரி கிடக்கு!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் தூங்குகிறவரும் நகர்ந்துவிடுவார்.

அந்தக் குரலோடுதான் அன்று மனநல மையத்தின் கூட்டத்துக்கு வந்தாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு. அவன் அங்கே மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்பவன். இப்போது ஒரு சைக்கிள் கடையில் வேலை. மாலையில் போடும் ஊசியைக் காலைக்கு மாற்றப் போகிறார்களாம். நோயாளிகள், வீட்டார் கருத்தையும் கேட்கிறார்களாம். கேட்கிற லட்சணம் என்னவென்றால், மேசையைச் சுற்றி டாக்டர்களும் அதிகாரிகளும். ஊசிக்குக் கையை நீட்டுகிறவர்கள் சுவரோரப் பெஞ்சில். முடிவை எடுத்துவிட்டுத் தலையாட்ட ஆள் கூப்பிடுவதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடி இவ்வளவு இடம் இருக்கே! எல்லாரும் உள்ளே வாங்க. சார், ஃபைலைக் கொஞ்சம் மடியில வச்சுக்குங்க."

பழக்கதோஷம். பெஞ்சு மொத்தமும் எழுந்து மேசைக்கு வந்துவிட்டது.

அதோடு நின்றாளா? "காலையில எப்படி சார்? ராத்திரி போடற மாத்திரை மயக்கத்துல இவன் எழுந்திருக்கவே மாட்டான், பாவம்."

தலைமை டாக்டர் நல்ல மனுஷர். "அப்ப மத்தியானம் வச்சுக்கலாமாம்மா?"

"தாராளமா! இவனுக்கென்ன, கடைக்குச் சும்மா பொழுதுபோக்காத்தானே போறான்."

தம்பிக்கு முகம் சுண்டியது. பகலில் இன்னொரு தடவை கடையை விட்டுப் போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி முந்தாநாள்தான் சொல்லியிருந்தார்.

இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். மேசையே நிமிர்ந்தது.

"அக்கா, உன் ஸ்டாப் வந்தாச்சு. இறங்கிக்கோ."

"டேய், உனக்காகத்தானேடா..."

"எனக்காகப் பேசு, வேணாங்கல. என் வாயையும் சேர்த்து நீயே வச்சுக்கிட்டா எப்படி? தினமும் கடை ஷட்டரைத் தூக்கறதே நான்தான். நீ முதல் பஸ்ஸுக்குப் போயிடறே, உனக்கெங்கே தெரியும்?" டாக்டர் பக்கம் திரும்பினான். "பகல்ல வந்தா வேலை போயிடும் சார். சாயங்காலமே இருக்கட்டும்."

"எனக்கும் அதேதான்," என்றார் அவனைப் போலவே ஊசிக்கு வரும் ஒரு பெயின்டர்.

"சாயங்காலம் எங்க ஊழியர்களுக்குச் சிரமம்," என்றார் அதிகாரி.

"அவங்க முறை மாத்தி வந்தா வேலை போகாது சார். எங்களுக்குப் போயிடும்," என்றான் தம்பி.

டாக்டர் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை பேர் இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்ததில்லை. "சரி, சாயங்காலமே போடுவோம்."

வாசலுக்கு வரும்வரை அக்கா வாயே திறக்கவில்லை. அதுவே ஒரு சாதனை. அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அடுத்த கூட்டத்துக்கு நானும் வரலாமாடா?"

"வாக்கா," என்றான் தம்பி. "உள்ளே நிறைய இடம் இருக்கு."