புல்லுக்கு ஓய்வு

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவர் அவர். கால்பந்து மைதானத்தின் பொறுப்பு கைக்கு வந்ததும் பத்து வயசு குறைந்த மாதிரி நடமாடினார். நகராட்சி பாதி, ஓர் அறக்கட்டளை பாதி போட்டு அமைத்த பொது மைதானம். பச்சைப் புல், நாலு விளக்குக் கம்பம், உடைமாற்ற இரண்டு அறை. அறக்கட்டளை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மூன்று அணிகளுக்கும் சாயங்கால நேரத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும். அதில் ஒன்று, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பெண்களின் அணி.

கதவுச் சாவியும் நேரப் பட்டியலும் அவரிடம். யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் இன்னொரு அணிக்குத் தலைவர் அவருடைய மாப்பிள்ளை.

"மாமா, போட்டி நெருங்குது. வியாழக்கிழமையும் நமக்கே விட்டுடுங்களேன்."

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்ல வாய் வருமா? வாரத்தில் பெண்களுக்கென்று இருந்த ஒரே நாள் வியாழன். அவர்களுடைய தலைவியிடம், "புல்லுக்கு ஓய்வு கொடுக்கணும்மா. தேறினதும் நானே சொல்லி அனுப்பறேன்" என்றார். "சரிண்ணே" என்று போய்விட்டாள். ஒரு வாரத்துக்கென்று சொன்ன பொய் மூன்று மாசம் ஓடியது.

அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வந்தார். "பெண்கள் அணி வருதா?"

"நேரம் ஒதுக்கித்தாம்மா வெச்சிருக்கோம். அவங்களுக்குத்தான் ஆர்வமில்ல."

"ஏன்னு அவங்களையே கேட்டுடுவோமே, வாங்க."

மறுக்க வழியில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஈரப் போர்வைகள் தொங்கும் சிமெண்டுத் தரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் முழங்காலில் கட்டு. அவரைப் பார்த்ததும் தலைவியின் முகம் மலர்ந்தது. ஓடி வந்தாள்.

"அண்ணே, புல்லு தேறிடுச்சா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். அவருக்குக் காது மடல் சுட்டது. பார்வையிட வந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புல்லுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். "உங்க நேரத்தை மாப்பிள்ளைக்கு விட்டுட்டேன். பொய் சொன்னேன்."

"மூணு மாசமுமா?"

"ஆமா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அந்த வாரமே மைதானக் கமிட்டியில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லிச் சாவியை ஒப்படைத்தார். இப்போது நேரப் பட்டியல் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. மூன்று அணியும் கையெழுத்துப் போடுகிறது. மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள்தான் ஒருநாள் வந்து, "அவர் கேட்டா, நீங்க ஏம்பா குடுத்தீங்க?" என்றாள்.

வியாழக்கிழமைகளில் கதவு திறந்ததுமே முதல் ஆளாகப் போய், உடைமாற்றும் அறையைப் பெருக்கிக் கழுவிவிட்டு, பெண்கள் வருவதற்குள் கிளம்பிவிடுவார். ஒருநாள் தலைவி சீக்கிரமே வந்து வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"இருந்து ஆட்டம் பாத்துட்டுப் போங்கண்ணே."

"வீட்ல வேலை இருக்கும்மா" என்று தலை நிமிராமலே நடந்தார். வீட்டில் ஒரு வேலையும் இல்லை.