மாமா போட்ட பிட்ச்

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், தான் உருட்டி முடித்த பிட்ச்சின் மேல் என் தாய்மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒரு நடை நடப்பார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லாரி ஏற்றிவிடுவது அவர் பிழைப்பு. கிரிக்கெட் போட்டிகளுக்கு மண் பிட்ச் போடுவது ஆசைக்கு. சாணார்பட்டிப் பக்கம் எந்த ஊரில் போட்டி என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்மாயில் வெட்டிய கரம்பை மண்ணை நனைத்து அவர் போடும் பிட்ச்சில் பந்து பாம்பாகத் திரும்பும் என்று பேர். அந்தப் பேர் எந்த ஆட்டத்தில் முளைத்ததென்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. "மாமா பிட்ச்சாம்ல" என்று காதில் விழுந்தால் போதும், எந்த கேப்டனும் வேகப்பந்துக்காரனை உட்காரவைத்துவிட்டு இன்னொரு சுழற்பந்துக்காரனைச் சேர்த்துவிடுவான்.

கொடுமையைப் பாருங்கள், எங்கள் டீமின் வேகப்பந்துக்காரன் மாமாவின் சொந்த மகன். அப்பா பிட்ச் போட்ட ஊரிலெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலைதான்.

ஒரு தடவை, இறுதி ஆட்டத்துக்கு மதுரை கிளப் ஒன்றின் கோச் ஆள் எடுக்க வருகிறார் என்று சேதி வந்தது. மாமா மகன் சோறு இறங்காமல் திரிந்தான். மாமா அந்த வாரம் லீவு போட்டுவிட்டு உருட்டு உருட்டென்று உருட்டி, சிமெண்டுத் தரை மாதிரி ஒரு பிட்ச் போட்டார். காலையில் எங்கள் கேப்டனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏலே அப்பு, இந்தத் தடவ பந்து திரும்பாது. வேகமாப் போடுறவனுக்குத்தான் எந்திரிக்கும். ஒருக்கா கைய வச்சுப் பாரு."

கேப்டன் சிரித்தான். "மகனுக்காகச் சொல்றீக. உங்க பிட்ச் எங்களுக்குத் தெரியாதா மாமா?" குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று விக்கெட் கீப்பர் நான். பந்து நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் வந்தது. ஆட வந்தவர்களோ திரும்பாத பந்துக்குத் திரும்புமென்று மட்டையைக் கோணலாக நீட்டி வரிசையாக போல்டானார்கள். இத்தனையையும் பின்னால் நின்று பார்த்த நானே, என் முறை வந்ததும் திரும்புமென்றுதான் ஆடி அவுட்டானேன்! கண்ணுக்கு முன்னால் வருகிற பந்தை விட்டுவிட்டு, காதில் விழுந்த பேரை ஆடியிருக்கிறேன். இதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதே இல்லை.

எப்படியோ நாங்கள் ஜெயித்தோம். "என்னமாத் திருப்பிட்டீக மாமா!" என்று பயல்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் கோச் எங்கள் சுழற்பந்துக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். தோள்மேல் உட்கார்ந்திருந்த மாமா, பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகனையே பார்த்தார்.

அடுத்த போட்டி குஜிலியம்பாறையில். கூப்பிடப் போனவர்களிடம், "இடுப்புப் பிடிச்சுக்கிருச்சுப்பா, வேற ஆளப் பாருங்க" என்றுவிட்டார். வேறு யாரோ பிட்ச் போட்டார்கள். யார் போட்டது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. புதுப் பந்தை மாமா மகன் கையில் கேப்டன் தானாகவே கொடுத்தான். அவன் ஸ்டம்பைப் பறக்கவிட்டபோது, இடுப்புப் பிடித்த மனிதர் எல்லைக்கோட்டுக்கு வெளியே துண்டைச் சுழற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்.

மகன் இப்போது மதுரையில் ஆடுகிறான். மாமா அதற்குப் பிறகு பிட்ச் பக்கமே போகவில்லை. கமிட்டிக்காரர்கள் இன்னமும் வீட்டுக்கு வந்து கெஞ்சுகிறார்கள். "ஒரே ஒரு பிட்ச் போட்டா என்ன மாமா?" என்று போன வாரம் நானும் கேட்டேன்.

"அவன் இன்னும் பந்து போட்டுக்கிட்டு இருக்கான்ல மாப்ள. அவன் நிப்பாட்டட்டும், நான் போடுறேன்."