காப்பி இலைச் சாறு

கொழும்பில் வேலை செய்யும் பேரன் போன மாதம் பதுளைக்கு வந்தபோது என் மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை வைத்துவிட்டுப் போனான். ஏதோ ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த சாறாம். இயற்கையாகவே கஃபீன் உள்ளதாம். தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டுக் குடித்தால் உடம்புக்குத் தெம்பு, மனதுக்குக் கூர்மை என்று பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"தாத்தா, நீங்க பேப்பர் படிக்கிறப்பயே தூங்கிப்போறீங்களாம். இதைக் குடிச்சுப் பாருங்க" என்றான்.

பேப்பரில் தூங்காமல் படிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவன் போனபிறகு ஒரு நாள் துணிந்து பத்துச் சொட்டு எண்ணி விட்டேன். பதினோராவது சொட்டு தானாக விழுந்துவிட்டது. அந்த ஒரு சொட்டால் என்ன ஆகுமோ என்று கவலை வந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாடித்துடிப்பு எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு. எண்ணுவதாலேயே கூடுகிறதோ என்று பயந்து எண்ணுவதை நிறுத்தினேன். அப்போதுதான் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தட்டுப்பட்டது. அறுபத்தைந்து வருடங்களுக்கு முன் சுவைத்த கசப்பு.

அப்போது நாங்கள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். வரிசை வீடுகளாகக் கட்டிய லயத்தில் எங்களுடையது கடைசிக் காம்பிரா, ஒரே அறை. அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் கட்டுப்படுத்தும் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அக்கா மட்டும் காலையில் இறங்கிப் போய் ரயிலேறிப் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தாள். எங்கள் லயத்தில் அப்படிப் படித்த பெண் அவள் ஒருத்திதான். பெரிய பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த ஒரு மாதத்தைக் கடப்பதுதான் வீட்டில் பெரும்பாடாக இருந்தது. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வேலைக்குரிய வயது வந்துவிட்டால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் பதிய வேண்டும். பதிந்த மறுநாள் விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கேதான் யார் எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். அக்காவுக்கு அந்த வயது வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் சாயங்காலம் கங்காணி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒம் மகள பெரட்டுல காணோமே. தொர கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"பரீட்ச முடியட்டுங்க" என்றார் அம்மா.

"பரீட்ச முடியிற மட்டும் கொழுந்து செடியில காத்துக்கிட்டு இருக்குமா? இந்தக் காம்பிராவுலருந்து இன்னொரு கூடை மடுவத்துக்கு ஏறியாகணும். இல்லேன்னா பேரப் பதியச் சொல்லிருவேன். அப்புறம் என்னக் கொற சொல்லாதீங்க."

"ஏறும்ங்க" என்றார் அம்மா.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஆணியில் ஒரே ஒரு கூடைதான் தொங்கியது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவது அப்போதே எனக்குப் பழக்கம். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று எப்படி ஏறும் என்று யோசித்தேன். பெரியவர்கள் எங்கேயாவது வாங்குவார்கள் என்று விட்டுவிட்டேன்.

அக்காவின் பிரச்சினை தூக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து ஏறி வந்ததும் மலையிலிருந்து நீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிப்பாள், சமைப்பாள், என்னைக் குளிப்பாட்டுவாள். பிறகு புத்தகத்தைத் திறப்பாள். திறந்த பக்கத்திலேயே முகம் கவிழ்ந்துவிடும். ஒரு தடவை கேத்திர கணிதப் புத்தகத்தில் ஒரு முக்கோணம் அவள் எச்சிலில் நனைந்து வட்டமாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் நாட்டு மருந்துக் கடையில் வேலை செய்தார். பொட்டலம் கட்டுவதுதான் அவருடைய வேலை. ஆனால் லயத்துக்கு வந்தால் வைத்தியராகிவிடுவார். அக்கா புத்தகத்தின் மேல் தூங்குவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யக்கா, இவளுக்கு மூளையில கோளாறில்ல. தெம்புதான் இல்ல. நான் ஒரு சாறு காச்சித் தாறேன் பாரு."

"தேயிலைக் கொழுந்துலயா?" என்றார் அப்பா. "மாப்ள, பச்சக் கொழுந்து ஒரு பிடி இந்தக் காம்பிராவுல கெடந்தாலே என்னயத் தோட்டத்த விட்டு வெரட்டிருவாங்க."

"கொழுந்த எவன் தொட்டான் மச்சான்? ஒங்க தொரைக்கும் கங்காணிக்கும் தெரியாத எலை ஒண்ணு இருக்கு."

அந்த இலை ஓடைக்கரையில் இருந்தது. தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் காப்பி போட்டிருந்தார்களாம். நோய் வந்து காப்பி அழிந்த பிறகு, பிடுங்க மறந்த சில செடிகள் லயத்துக்குக் கீழே பள்ளத்தில் மரமாக வளர்ந்து நின்றன. அவை எந்தக் கணக்கிலும் சேராதவை. யாரும் காவல் காப்பதில்லை. மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போய் இளம் இலைகளாகப் பறித்தார். ரொட்டிச் சட்டியில் போட்டு வாட்டினார். அம்மியில் நசுக்கினார். பானை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கால் பங்காகும்வரை காய்ச்சினார். வேட்டித் துண்டில் வடிகட்டி, கித்துள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு மறுபடி கொதிக்கவிட்டார். கடைசியில் தார் போல ஒன்று கிடைத்தது. அதை ஒரு மருந்துப் போத்தலில் ஊற்றி அடைத்து, கடையில் செய்வதைப் போலவே வாயில் துணி கட்டினார்.

"காலையில ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. தேத்தண்ணியில கலந்து குடுக்கணும். இதுல அறுவது கரண்டி இருக்கு. பரீட்சைக்குச் சரியாக் காணும். டேய், நீதான் கணக்குப்பிள்ள. நீயே அளந்து ஊத்து."

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

சாறு வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தேற்றங்களை உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினாள். அடுத்த காம்பிராக்காரி சுவரில் தட்டி, "என்னாடி, சாமி வந்திருச்சா?" என்று கேட்டாள். அப்பா போர்வைக்குள்ளிருந்து, "தெம்பு அவளுக்கு வந்திருச்சு. தூக்கம் நமக்குப் போச்சு" என்றார்.

இரண்டாவது வாரம் என் கணக்கு உதைத்தது. நான் ஊற்றியது இருபத்தாறு கரண்டி. பாதிக்கு மேல் மீதி இருக்க வேண்டும். போத்தலில் இரண்டு விரல் அளவுதான் இருந்தது. துணிக்கட்டு நான் கட்டியபடியே இருந்தது. கரண்டியை மாற்றிவிட்டேனோ என்று தண்ணீரை ஊற்றி அளந்து பார்த்தேன். கரண்டியில் பிழை இல்லை. அக்காவைக் கேட்கப் பயமாக இருந்தது. கணக்குப்பிள்ளை வேலை போய்விடுமே.

தினமும் மத்தியானம் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து சாப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றி ஒரு போத்தலை அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எல்லாப் பிள்ளைகளும் தங்கள் அம்மாமார்களுக்குக் கொண்டு போவார்கள். அன்று வெயில் அதிகம். பாதி வழியில் தாகம் தாங்காமல் மூடியைத் திறந்து மூன்று மிடறு குடித்தேன். முதலில் இனிப்பு. பிறகு நாக்கின் அடியில் அந்தக் கசப்பு.

கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஏதோ இரைந்தது. கால்கள் தாமாகவே மலையேறின. ஒரு வரிசைத் தேயிலைச் செடிகளைக் கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டு போய், சரிபார்ப்பதற்காக மேலிருந்து கீழாகவும் எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி ஏறினேன்.

"என்னாடா, செடியச் சுத்திக்கிட்டு நிக்கிற?" என்று மேலேயிருந்து அம்மா கூப்பிட்டார். போத்தலை வாங்கி வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "குடிச்சியா?"

"தாகமா இருந்துச்சு."

"இனிமே இதத் தொடாத. வீட்டுல தண்ணி குடிச்சிட்டு வா."

பிறகு ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டுக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டார். நான் செடி எண்ணியதில் நேரமாகி, மற்றப் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வெறுங்கூடையோடு மறுபடி மேலே ஏறினார். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. களவு பிடிபட்டுவிட்டது என்ற ஒரே நினைப்போடு கீழே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு கறை மட்டும் இருந்தது.

"யாருடா குடிச்சது? ஒரு மரத்தையே மொட்டையடிச்சுக் காச்சினேன். ஏம் புள்ள, கருப்பட்டி ருசிக்கு மொண்டு மொண்டு குடிச்சிட்டியா?"

"நான் ரெண்டு கரண்டிக்கு மேல கேட்டதே இல்ல மாமா. இவன்தான் ஊத்துறான், இவனையே கேளுங்க" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கிவிட்டது. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நான் தூங்கிப்போனா என்ன செய்றது? பேரப் பதிஞ்சிருவாங்களே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"நான் இல்ல" என்றேன். "அம்மாதான். தன்னோட தேத்தண்ணியில ஊத்திக்கிட்டுப் போகுது. நான் குடிச்சுப் பாத்தேன்."

அம்மா சிரித்தார். "ஆமா, நான்தான். கசப்பு நாக்குக்குப் பிடிச்சுப்போச்சு. என்ன செய்யச் சொல்றீங்க?"

"அடி யக்கா! பால்சட்டிப் பூனை மாதிரியில்ல வேலை பாத்திருக்க" என்று மாமா கைதட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசிச் சட்டிக்குள் அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

அப்பா எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் விறகு வெட்டத் தொடங்கினார். ஏற்கனவே ஒரு வாரத்துக்குப் போதுமான விறகு அங்கே கிடந்தது. அம்மா திருடியதில் அவருக்குக் கோபம் என்று எண்ணிக்கொண்டேன். மாமா சாக்கை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. அன்று இரண்டு போத்தல் காய்ச்சினார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றதை அம்மாவின் கூடை தொங்கும் ஆணிக்குக் கீழே வைத்தார்.

அக்கா பாஸானாள். ஆசிரியையாகி, ஹாலிஎலவிலேயே வீடு கட்டி, இப்போது என்னைவிடத் திடமாக இருக்கிறாள். பேரன் தந்த போத்தலைப் பற்றிப் போனில் சொன்னேன். "காப்பி எலை வாசம் வருதாடா?" என்று கேட்டாள். வாசம் இல்லை, கசப்பு மட்டும் இருக்கிறது என்றேன்.

"மடுவத்துல கடைசியா நிறுக்கிறது அம்மாவோட கூடைதான். அந்த மாசம் முழுக்க ஒரே கூடை ரெண்டு தடவ ஏறிச்சு. கங்காணி பொஞ்சாதி எனக்குச் சொல்லித்தான் தெரியும், அதுவும் அம்மா போன பொறகு" என்றாள்.

சுவரில் நான் எண்ணிப் பார்த்தது சரி. கூடை ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். காட்டிக் கொடுத்ததற்கு அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு பேன் பார்த்தார். கீழே பதுளைக்குப் போகும் ரயில் ஊதியது. என் காது அவர் நெஞ்சில் இருந்தது. உள்ளே கேட்டதை எண்ணத் தொடங்கினேன். ஒன்றும் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. வாய்க்குள் எண்ணினாலும் என்னால் கூடப் போக முடியவில்லை. மூன்று தடவை விட்டு விட்டுத் தொடங்கினேன்.

"அம்மா, ஒனக்கு நெஞ்சு ரொம்ப வேகமா ஓடுது. எண்ண முடியல."

"ஓடட்டும்டா" என்றார் அம்மா. "பரீட்ச முடியிற மட்டும் ஓடட்டும்."

பரீட்சை எழுதப்போவது அக்கா. அதற்கு அம்மாவின் நெஞ்சு ஏன் ஓட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் அவர் என் தலையை மறுபக்கம் திருப்பிவிட்டார்.