யாங்கூன் கிடங்கில் ஒரு ரியோஹா

ஒயின் பார்க்கப் போகிறவர்கள் பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போவார்கள். நான் யாங்கூனுக்குப் போனேன். காரணம், இதே வலைப்பதிவில் நான் விட்ட ஒரு பிழை. ‘சாப்ளி’ ஒரு திராட்சை வகை என்று எழுதியிருந்தேன். மறுநாளே யாங்கூனிலிருந்து தமிழில் ஒரு மின்னஞ்சல். சாப்ளி பிரான்சில் ஓர் ஊர், அந்த ஊர்ப் பெயரைப் போட வேண்டுமானால் ஷார்டொனே திராட்சையில் மட்டும்தான் செய்ய வேண்டும், தயவுசெய்து திருத்துங்கள் என்று.

எழுதியவர் காசிம். பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். யாங்கூன் நகரின் நடுவே, கியாக்டடாவில் ஒரு ஹோட்டலின் ஒயின் கிடங்கு அவர் பொறுப்பு. கிடைத்த வேலை அது. ஆனால் ஒரு சொட்டுகூட நாக்கில் பட்டதில்லை, அதில் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பத்து மாதம் கடிதத்திலேயே பழகினோம். பிறகு அவரே வரச் சொன்னார். புதிதாக வந்த வெளிநாட்டு மேலாளர், குடிக்காதவனுக்கு ஒயின் கிடங்கில் என்ன வேலை என்று கேட்கிறாராம். அடுத்து வரும் சரக்கில் ஒரு தப்பு நடந்தாலும் வேலை போய்விடும். ருசி பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. 2009 டிசம்பரில் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் போய்க் காலை 9.10க்கு இறங்கினேன். மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து கியாக்டடா 16 கிலோமீட்டர், 45 நிமிடம். டாக்சியில் மீட்டர் கிடையாது. பேரம் பேசி 6,000 கியாட். ஓட்டுநர் தமிழர். வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பிரான்ஸ் ஒயினப் படிக்க ரங்கூனா? கோழி வாங்க மீன் மார்க்கெட்டுக்குப் போற ஆளா இருக்கீங்களே சார்!”

அந்தக் கிடங்கை எப்படிச் சொல்வது? வெளியே சூலே பகோடாவைச் சுற்றிப் பஸ்கள் கத்திக்கொண்டிருக்கின்றன. பதினான்கு படி இறங்கினால் சத்தமே இல்லை. மங்கிய மஞ்சள் விளக்கு, ஈரச் சுவரின் குளிர்ச்சி. காலிப் பாட்டில்களைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, சுவரிலிருந்த ஐரோப்பிய வரைபடத்தில் அந்தந்த ஊரிலேயே ஒட்டியிருந்தார் காசிம். இரண்டு நாள் மதியமும் அங்கேதான் கிடந்தேன். அவர் விரல் ஜெர்மனியில் மோசல் ஆற்றோரம் போகும். செங்குத்தான சரிவு, சிலேட்டுக் கல் பலகைகள், அவற்றின் சூட்டில் பழுக்கும் ரீஸ்லிங் திராட்சை. பறிக்கும்போது பழத்தில் எவ்வளவு இனிப்பு என்பதை வைத்து அங்கே தரம் பிரிக்கிறார்கள். விரல் தெற்கே இறங்கும். இத்தாலியில் உயர்ந்த தரம் என்றால் பாட்டிலின் கழுத்தில் எண் போட்ட அரசாங்கக் காகிதப் பட்டை இருக்க வேண்டும். பிரான்சில் மண்ணுக்குத்தான் மரியாதை, ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். எனக்குக் கண் செருகும். தூங்கினேனா கேட்டேனா என்று தெரியாது, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நான் நடந்துகொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் சரக்கு எடுக்க ஆற்றோரம் இருக்கும் அலோனுக்குப் போனோம். நான்கு கிலோமீட்டர், 1,500 கியாட். படகுத்துறைக் கிடங்கில் ஒயின் தரகர் ஒருவர் ஐந்து பெட்டியோடு காத்திருந்தார். லேபிளில் ஸ்பெயின், ரியோஹா, கிரான் ரிசர்வா தரம், 2006. ஹோட்டலில் மறுநாள் நடக்கும் விருந்துக்கான அறுபது பாட்டில். வாசலுக்கு வெளியே ஆறு வெயிலில் அசையாமல் கிடந்தது. தரகர் ஒன்றைத் திறந்து எனக்கு ஊற்றினார். நான் கோப்பையைச் சுழற்றினேன், முகர்ந்தேன், கண்ணை மூடினேன்.

“வனிலா, பழைய தோல், ஓக் மரம்... அருமை காசிம். கையெழுத்துப் போடுங்க.”

காசிம் பேனாவை எடுத்தார். பிறகு விரல் கணுக்களில் ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

“இது வேணாம்ண்ணே. திருப்பி அனுப்பிடுவோம்.”

“நான்தான் குடிச்சுப் பாத்துட்டேனே!”

“நீங்க குடிச்சது நல்லாவே இருக்கட்டும். கிரான் ரிசர்வான்னா அஞ்சு வருசம் அவங்க கெடங்குல இருந்தாகணும். ரெண்டு வருசம் பீப்பாயில, மிச்சம் பாட்டில்ல. 2006ல அறுத்தது 2011 கடைசிக்கு முந்தி எப்பிடிண்ணே வெளிய வரும்? இப்ப 2009தானே நடக்குது. பொறக்காத புள்ளைக்குப் பேரு வச்சிருக்கான்.”

தரகர் சும்மா விடவில்லை. கிடங்குத் தொலைபேசியில் மேலாளரைக் கூப்பிட்டு, குடித்தவர் அருமை என்கிறார், குடிக்காதவர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லி ரிசீவரை என்னிடம் நீட்டினார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மேலாளர் கேட்டார். காசிம் என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. “நான் ஏமாந்துவிட்டேன். காசிம் சொல்வதுதான் சரி” என்றேன். பத்தே நிமிடத்தில், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், தரகர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் விருந்துக்குக் ஹோட்டல் கிடங்கிலிருந்த இத்தாலிய ஒயின் கியான்ட்டியே போதுமாயிருந்தது. மேலாளர் காசிமின் வேலை பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நம் வங்கி அட்டை அங்கே எதற்கும் ஆகாது. டாலராகக் கொண்டுபோங்கள், மடிப்போ கறையோ இருந்தால் வாங்கமாட்டார்கள். ஒயின் எங்கே வாங்கினாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு தரத்தைப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போடுங்கள். கோப்பையைச் சுழற்றுவதெல்லாம் அப்புறம்.

திரும்பும் நாள் காசிம் விமான நிலையம் வரை வந்தார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

“அண்ணே, கேக்கக் கூடாதுதான். அன்னிக்கு அது நெசமா எப்பிடி இருந்துச்சு?”

நினைத்து நினைத்துப் பார்த்தேன். வனிலா இல்லை, தோல் இல்லை, ஓக் இல்லை. எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

“தெரியலை காசிம்,” என்றேன். “நானும் லேபிளைத்தான் படிச்சேன்.”