நேற்றைய தேதி

முதல் வண்டி புறப்பட்ட பிறகுதான் டிக்கெட் குமாஸ்தா கவனித்தார். தேதி அச்சை மாற்ற மறந்திருந்தார். பிரசவ வலி கண்ட மகளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அம்மாவிடம் கொடுத்த இரண்டு டிக்கெட்டிலும் நேற்றைய தேதி. அடுத்த ஸ்டேஷனில் ஏறும் பரிசோதகர் தாட்சண்யம் பார்க்காமல் இறக்கிவிடுவார்.

"அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொன்னா உங்க தப்பு பதிவாயிடும். ஏற்கெனவே ரெண்டு மெமோ. மூணாவது வந்தா வேலை போயிடும்யா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"தெரியும் சார்." போனை எடுத்தார்.

"வண்டி போயிடுச்சுண்ணே. ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுட்டாரு, இங்க பெஞ்சுலதான் இருக்காங்க. பொண்ணு துடிக்குது" என்றார் அடுத்த ஸ்டேஷன் குமாஸ்தா.

"பின்னாடி வர்ற சரக்கு வண்டியில, கடைசியில கார்டு உக்கார்ற பெட்டியில ஏத்திவிடு தம்பி. விதிக்கு மாறுதான். அதையும் என் பேர்லயே எழுதிக்கோ."